என் வாய் மட்டும் வேண்டாம்

1

என் பேத்தி சுமையாவின் பிள்ளைக்கு இன்றோடு நாற்பது நாள். காலையிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். வருகிற எல்லாரும் தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். "மாஷா அல்லாஹ், சத்தமே இல்ல. என்ன சாதுவான புள்ள." உடனே என் மகள் நஸீறா திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிறேன். கழுவிய கோப்பைகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அவள் ஏன் என்னைப் பார்க்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் வாயில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது தாய்வழியில் உயிரோடு இருக்கிற மூத்த பெண். பேரீத்தம்பழத்தைப் பல்லால் மென்று, பஞ்சுபோல ஆக்கி, விரல் நுனியில் எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, பிள்ளையின் மேலண்ணத்தில் தடவ வேண்டும். வைத்தவளுடைய ஈமான், அதாவது இறைநம்பிக்கை, பிள்ளைக்குப் போகும் என்பார்கள். பரக்கத்தும் போகும் என்பார்கள். கூடவே குணமும் போகும் என்பார்கள். முதல் இரண்டிலும் யாருக்கும் பிரச்சினை இல்லை. மூன்றாவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இதை எழுதச் சொன்னது கல்முனையில் இருக்கும் என் தங்கச்சி றஹ்மத்து. ஊர்ப் பத்திரிகையில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எழுதும் பக்கத்தில் எல்லாரும் பனியைப் பற்றியும் பாஸ்போர்ட்டைப் பற்றியுமே எழுதுகிறார்களாம். "நீங்க இதை எழுதுங்க சின்ன ராத்தா. வாயாலதான் கதைக்க மாட்டீங்க, கையாலயாவது கதைங்க" என்றாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் டீச்சர் கேள்வி கேட்பார் என்று பயந்து கடைசி வாங்குப் பலகையில் குனிந்திருந்து படித்தது. எழுத்தில் பிழை இருந்தால் அந்த வாங்கைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

2

இங்கிலாந்தில் இந்த லெஸ்டருக்கு நான் வந்தது என் கணவர் மௌத்தான பிறகு. எங்கள் கல்முனைக்குடிப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்து சேருவார். வந்த புதிதில், வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, எந்தக் கதிரையில் இருப்பது என்று தெரியாமல் சுவரோரமாக நிற்பார். இங்கே வீடு நஸீறாவுடையது. பெட்டியோடு வந்தது நான். ஆகவே இந்த வீட்டுக்குப் புது மாப்பிள்ளை நான்தான். எத்தனையோ குளிர்காலம் போய்விட்டது, இன்னும் புது மாப்பிள்ளையாகவே இருக்கிறேன். நஸீறாவின் கணவர், பாவம், என்னைக் கண்டால் அவரே எழும்பிக் கதிரை தருகிறார்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார். காலையில் குப்பை வாளியை வெளியே இழுக்கும்போது என்னைக் கண்டு "மோர்னிங்" என்பார். முதல் நாள் பதற்றத்தில் நான் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டேன். அது பிழை என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. ஆனால் நேற்று ஒன்று சொல்லிவிட்டு இன்று இன்னொன்று சொன்னால் மனிதர் என்ன நினைப்பார் என்று வெட்கப்பட்டு அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது அவர் "மோர்னிங்" என்கிறார், நான் "தேங்க் யூ" என்கிறேன், அவர் "யூ ஆர் வெல்கம்" என்கிறார். இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

டொக்டரிடம் போவது இதைவிடப் பெரிய சோதனை. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் டொக்டர் மேசையில் இருக்கிற போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார். பெண்ணாக இருந்தால் நல்லது என்று நஸீறா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் போனில் வந்தது ஆண் குரல்.

"வணக்கம் அம்மா. உங்களுக்கு என்ன செய்யுது?"

எனக்கு வந்திருந்தது பெண்களுக்கு வருகிற ஓர் உபாதை. என் கணவரிடமே அப்படியானதைச் சொன்னவள் இல்லை நான். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"தம்பி எந்த ஊர்?"

"களுவாஞ்சிக்குடி அம்மா. நீங்க?"

"கல்முனைக்குடி."

"அட, கிட்டத்தானே. எங்கட மாமா கல்முனை பஸ் டிப்போவிலதான் வேலை செய்தவர்."

பிறகு பஸ்ஸைப் பற்றிக் கதைத்தோம். அங்கே வெயில் எப்படி என்று கதைத்தோம். டொக்டர் பேனாவால் மேசையைத் தட்டத் தொடங்கினார். "அம்மா, என்ன வருத்தம் எண்டு டொக்டர் கேக்கிறா" என்றது குரல். "தலையிடி எண்டு சொல்லுங்க மகன்" என்றேன். தலையிடிக் குளிசையோடு வீட்டுக்கு வந்தேன். உபாதையும் என்னைப் பார்த்து வெட்கப்பட்டதோ என்னவோ, தானாகப் போய்விட்டது.

இப்படிப்பட்டவளுடைய குணம் ஒரு பச்சைப் பிள்ளைக்குப் போவதை யார் விரும்புவார்கள்? நானே விரும்பவில்லை.

3

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் எங்கள் மூத்த அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர். வாசலில் நின்று அவர் தன் மகனைக் கூப்பிட்டால் ஊர் தாண்டிப் பாண்டிருப்பில் இருக்கிற யாராவது "என்ன" என்று கேட்பார்கள் என்று வாப்பா பகிடி பண்ணுவார். ராத்தாவின் ஒழுங்கைக்குள் வருகிற மீன்காரன், அவர் கேட்பதற்கு முன்னரே செவுளைத் திறந்து காட்டிக்கொண்டுதான் வருவான். உம்மாவின் உம்மாவும் போய், எங்கள் உம்மாவும் இளவயதிலேயே மௌத்தாகிவிட்டதால், பிறகு பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ராத்தாதான் இனிப்பு வைத்தார். நஸீறாவுக்கும் அவர்தான். நஸீறா இங்கிருந்து பிரசவத்துக்கு ஊருக்கு வந்து சுமையாவைப் பெற்றபோது, சுமையாவுக்கும் அவர்தான்.

பலனைப் பாருங்கள். நஸீறா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே இருக்கிற பெரிய தலைமைச் சமையற்காரர் உப்புப் போடுவதற்கு முன் இவள் முகத்தைப் பார்ப்பாராம். சுமையா அதற்கும் மேல். அவள் சின்ன வயதில் வாரக் கடைசி மத்ரஸாவுக்குப் போனாள். மௌலவி ஒரு கதை சொன்னால், "இது எந்தக் கிதாபில இருக்கு" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கதையைச் சொல்ல விடுவாள்.

என் கதை வேறு. நான் பிறந்தது அறுவடைக் காலம். இனிப்பு வைக்க வேண்டியவர் என் உம்மாவின் உம்மா. அவர் சம்மாந்துறை வயலில் நெல்லுச் சூடு அடிக்கிற ஆட்களுக்குச் சோறு கொண்டு போயிருந்தார். சொல்லியிருந்த நாளுக்கு முந்தி நான் வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் முந்திக்கொண்டது அந்த ஒரு தரம்தான், அதுவும் இப்படி முடிந்தது. அந்த நேரம் வீட்டில் இருந்தவர் வாப்பாவின் தம்பி மனைவி மீராஉம்மா சாச்சி. ஆண் குரல் கேட்டாலே அரிசிச் சாக்குக்குப் பின்னால் போய் நிற்கிறவர். யாரோ ஒரு பேரீத்தம்பழத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் வெட்கப்பட்டு, சாச்சி அதை மென்று என் வாயில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காவிட்டாலும் சாச்சிதான் காரணம். கல்யாணப் பேச்சில் "சம்மதமா" என்று கேட்டதற்கு நான் நெடுநேரம் மௌனமாக இருந்து எல்லாரையும் கலங்கடித்ததற்கும் சாச்சிதான் காரணம். அவரிடம் இன்னொன்றும் இருந்தது. நெல் புடைத்துக்கொண்டே, உதடு மட்டும் அசைய, குர்ஆனில் யாசீன் முழுவதையும் மனனமாக ஓதுவார். அவர் ஓதுகிறார் என்பதே கிட்டப் போய் நின்றால்தான் தெரியும். அந்தப் பழக்கமும் எனக்கு வந்திருக்கிறது. குசினியில் கோப்பை கழுவும்போது ஓதுகிறேன். அதை மட்டும் ஏனோ யாரும் சாச்சியின் கணக்கில் சேர்ப்பதில்லை.

ராத்தா மௌத்தான செய்தி வந்தபோது போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது ஓய்ந்த பிறகு றஹ்மத்து சொன்னாள்: "சின்ன ராத்தா, இனி நீங்கதான் மூத்தவ. இனிப்பு வைக்கிறதும் நீங்கதான்." நான் மறுபடியும் அழத் தொடங்கினேன். அவள் அது முழுவதையும் மௌத்துக்கான அழுகை என்றே எடுத்துக்கொண்டாள்.

4

சுமையா கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளே நான் ஒரு வழி தேடிக்கொண்டேன். சுமையாவின் கணவர் இம்ரான் குஜராத்திக் குடும்பம். அவருடைய உம்மாவை எல்லாரும் ஹாஜியானி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிவாசலில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறவர். மைக் கொடுத்தால் வாங்குவார், கொடுக்காவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். சந்தையில் தெரியாத ஆட்களுக்கும் சலாம் சொல்லி, அவர்களுடைய முழங்கால் வலிவரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் வருவார். அவர்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் இருக்கிறது. அவர்களுக்குத் தாய்வழி என்ற கணக்கு மட்டும் கிடையாது.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மெல்லச் சொன்னேன். "இனிப்பை ஹாஜியானி வைக்கட்டும்."

நஸீறா கரண்டியை வைத்துவிட்டாள். "என்னத்துக்கு உம்மா?"

"அவ படிச்சவ. மக்காவுக்கும் போய் வந்தவ."

"நாளைக்குப் புள்ள பெத்தது யாரெண்டு கேட்டா, அதையும் ஹாஜியானி எண்டு சொல்லுவீங்களா? தாய்வழியில வாறது இது. உங்களுக்கு வெக்கம் எண்டா எங்கட புள்ளைக்கு இல்லாமப் போகணுமா?"

"வெக்கம் இல்ல மகள்."

"அப்ப என்ன?"

அது என்னவென்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சுமையா சிரித்தாள். "உம்மம்மா குணம் போகும் எண்டு பயப்படுறாங்க. உம்மம்மா, குணம் ஸ்பிட்ல போகாது. தஹ்னீக் எண்டு சொல்ற இந்த ஈத்தம்பழம் வைக்கிறது நபி காட்டித் தந்த சுன்னத்து. அது ஓகே. குணம் வாற கதை எங்கட மார்க்கத்தில இல்ல."

"அப்ப எங்க இருந்துகா வந்தது?"

"உங்கட ஊர்ல இருந்து."

பிறகு அவள் சட்டங்கள் போட்டாள். தேன் கூடாது, ஆஸ்பத்திரியில் ஏசுவார்கள். பல்லால் மெல்லக் கூடாது, கரண்டியால் மசிக்க வேண்டும். கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பழத்தில் தூசு அளவுதான் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் ஓம் என்று தலையாட்டினேன்.

ஊரை விட்டு வரும்போது எங்களுக்கெல்லாம் ஒரு பயம் இருந்தது. வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுத் தூரப் போய்விடுவார்கள் என்று. அவர்கள் போனது உண்மைதான். ஆனால் வெளியே போகவில்லை, உள்ளுக்குள் எங்களைவிட முன்னால் போய் நின்றுகொண்டு, நாங்கள் பிந்தி வரும்போது வாசலை மறித்து ஆதாரம் கேட்கிறார்கள். நான் ஓதுகிற பல ஓதல்களுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. சாச்சி ஓதினார், நானும் ஓதுகிறேன். இதைச் சொன்னால் சுமையா என் நெற்றியில் கொஞ்சிவிட்டு, "ஐ லவ் யூ உம்மம்மா, ஆனா அது பலவீனமான ஆதாரம்" என்பாள்.

அன்றே றஹ்மத்துவுக்குப் போன் எடுத்து என் கஷ்டத்தைச் சொன்னேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று.

"சின்ன ராத்தா, மீராஉம்மா சாச்சிக்கு வேணாம் எண்டு சொல்லவே வாய் வரல்ல. நீங்க அந்தளவுக்காவது கதைச்சிரிக்கிங்க. சாச்சிய விட முன்னேறிட்டீங்க" என்றாள்.

"பகிடி விடாம சொல்லுகா. நான் வெச்சா அந்தப் புள்ள இந்த ஊர்ல எப்பிடிப் புழைக்கும்?"

"நீங்க புழைக்கல்லயா?"

"நான் புழைச்சது ஒங்கட சத்தத்துக்குப் பின்னால நிண்டு."

உடனே அவள், "மீன் கருகுது, பொறவு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். அவள் வீட்டில் அன்று மீன் சமைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

5

பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பிறந்தது. பெண்பிள்ளை. இம்ரான் காதில் பாங்கு சொல்லிவிட்டு, உடுப்பு எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தார். நஸீறா என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டாள். "மேல போங்க உம்மா, நான் காரை விட்டுப்போட்டு வாறன். கதவுக்கிட்ட மணி இரிக்கி. அதை அடிச்சு சுமையாட பேரச் சொன்னாத் திறப்பாங்க." ஹாஜியானியும் வந்துகொண்டிருக்கிறார் என்றாள். பழத்துண்டு ஒன்றைச் சின்ன டப்பாவில் போட்டு என் கையில் தந்தாள். "அவ வாறதுக்கு முந்தி வெச்சிடுங்க. என்ன?"

கதவடியில் மணி இருந்தது. மணிக்கு மேலே சல்லடை போல ஓட்டைகள் உள்ள ஒரு பெட்டி. அதற்குள்ளிருந்துதான் கேள்வி வரும். என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சுமையாவின் பேர் வரும், அதற்குப் பிறகு நீ யார் என்று கேட்டால் என்ன செய்வது? மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணியும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நல்ல காலம், பலூன்களோடு ஓர் உயரமான ஆப்பிரிக்க மனிதர் வந்தார். மணியை அடித்தார், பேர் சொன்னார், கதவு திறந்தது. நான் அவருக்குப் பின்னாலேயே உள்ளே போனேன். மேசையில் இருந்த தாதி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினாள். அவருடைய தாய் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவளைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. இடையில் விலகிப் போனால் என்னவோ என்று, அவர் போன வழியே நானும் போய், அவருடைய மனைவியின் கட்டிலடியில் நின்றுவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தொட்டிலைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றேன். நல்ல குண்டுப் பிள்ளை. டப்பாவை வெளியே எடுக்காமல் இருந்தது அல்லாஹ்வின் உதவி.

சுமையாவை அவளுடைய சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இரண்டு திரைக்கு அப்பால், காலைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ரொட்டி ஆறிப்போயிருக்கிறது என்று யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று அரை நாள் ஆகவில்லை.

பிள்ளையைத் தூக்கி என் மடியில் தந்தாள். பெரிய பாரம் ஒன்றுமில்லை. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, எதையோ யோசிப்பதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். இவ்வளவு நாளும் நான் வேண்டாம், நான் வேண்டாம் என்று சொன்னவள் நான். அந்த முகத்தைக் கண்டதும் எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஒரு பேராசை வந்துவிட்டது. என்னிடம் இருக்கிற ஏதாவது ஒன்று இவளிடம் போக வேண்டும் என்ற ஆசை. கரண்டி, சட்டம், சவர்க்காரம் எல்லாம் மறந்துபோனது. டப்பாவைத் திறந்து பழத்தை எடுத்து வாயில் போட்டேன். கட்டுப்பல்லால் மென்றுகொண்டிருக்கும்போது திரை விலகியது.

தாதி ஒருத்தி தலையை நீட்டி, சிரித்த முகத்தோடு என்னிடம் ஏதோ கேட்டாள். கேள்வி எனக்குத்தான். வாயில் பழம். துப்ப முடியாது, பழத்தோடு பதில் சொல்லவும் முடியாது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் விழுங்கிவிட்டேன்.

"தேங்க் யூ" என்றேன்.

அவள் போய்விட்டாள். சுமையா கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"உம்மம்மா, சிரிக்க வெக்காதீங்க. தையல் இழுக்குது."

"என்ன கேட்டா?"

"தேத்தண்ணி வேணுமா எண்டு. பழத்தை எங்க?"

"விழுங்கிட்டன்."

"புள்ளைட பழத்தையா?"

தலையைக் குனிந்துகொண்டேன். "ஹாஜியானி வாறாதானே மகள். அவ வெக்கட்டும். அல்லாஹ்வே விரும்பல்லப் போல."

சுமையா கட்டிலோரத்துப் பையைத் திறந்தாள். கடைசி மாதம் முழுவதும் அவள் தின்றுகொண்டிருந்த பழப்பெட்டி அதற்குள் இருந்தது. ஒன்றை எடுத்து, கரண்டியோடு நீட்டினாள்.

"இந்தாங்க. இந்த முறை ஸ்பூனால. கையைக் கழுவிட்டு வாங்க."

"குணம் போனா?"

"போகாது எண்டு சொன்னன்தானே. போனாலும் பரவால்ல உம்மம்மா. இந்தக் குடும்பத்தில சத்தம் போடுற ஆக்கள் போதும்."

கையை இரண்டு தரம் கழுவினேன். பழத்தைக் கரண்டியால் மசித்தேன். மசிக்கும்போது ஒரு சமாதானம் வந்தது. எச்சில் படவில்லை, ஆகவே என் குணம் போக வழியில்லை. சந்தோஷப்பட்டு முடிவதற்குள் இன்னொரு யோசனையும் வந்தது. எச்சிலோடு போகாவிட்டால் ஈமான் மட்டும் எதோடு போகிறது? கரண்டியோடா? எனக்குச் சாச்சியின் யாசீன் எப்படி வந்தது? அவர் எனக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. அவர் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். இதெல்லாம் ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கேள்வி. விட்டுவிட்டேன்.

எதற்கும் கேட்டு வைப்போம் என்று, விரலில் எடுத்துக்கொண்டு மெல்லச் சொன்னேன். "யா அல்லாஹ், எனக்கிட்ட இரிக்கிற ஈமானை இவளுக்குக் குடு. என்ட வாயை மட்டும் குடுத்துப்போடாத." பிஸ்மில்லாஹ் சொல்லி வைத்தேன். குட்டி நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. நெற்றிச் சுருக்கம் விரிந்தது. பிறகு என் விரலைப் பற்றி உறிஞ்சத் தொடங்கினாள். இவ்வளவு சின்ன வாயில் இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

6

ஹாஜியானி வந்தபோது நஸீறா அவரோடு உள்ளே வரவில்லை. ஒரு நேரத்தில் இரண்டு பேரைத்தான் விடுவார்களாம், அவள் வெளியே நின்றுவிட்டாள். அவள் இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஹாஜியானி என்னைக் கட்டிப்பிடித்தார். சுமையாவைக் கொஞ்சினார். பிள்ளையைப் பார்த்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். மதீனாவில் வாங்கிய பழம். பேரப்பிள்ளைக்கு என்றே வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது என்று சுமையா எனக்குச் சொன்னாள். ஹாஜியானி சுவரில் இருந்த மருந்தை அமத்திக் கையைத் தேய்த்தார், சட்டைக் கையை மடித்தார், சுமையாவிடம் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார். அது எனக்கே விளங்கியது. பிள்ளைக்கு இன்னும் யாரும் ஒன்றும் வைக்கவில்லைதானே?

நான் சுமையாவைப் பார்த்தேன். டொக்டர்மாரோடும் மௌலவிமாரோடும் வாதாடுகிறவள். ஆறிய ரொட்டிக்கு வழக்குப் பேசியவள். அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். போர்வையின் ஓரத்தை எடுத்து மடித்தாள். விரித்து மறுபடியும் மடித்தாள்.

எனக்கு அந்த மடிப்புத் தெரியும். என் முந்தானையில் நான் மடிக்கிற மடிப்பு அது. ராத்தா இனிப்பு வைத்த பிள்ளைக்கு அது எந்த வழியால் போனது?

நானும் சும்மா இருந்திருக்கலாம். ஹாஜியானி இன்னொரு தரம் வைத்திருப்பார். பிள்ளைக்கு நஷ்டமில்லை, அவருக்குச் சந்தோஷம், எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கப்படுகிற வேலை மிச்சம். ஆனால் அப்படி இருந்தால் என் உம்மாவின் உம்மாவுடையதும், ராத்தாவுடையதும், அரிசிச் சாக்குக்குப் பின்னால் நின்ற சாச்சியுடையதும், எல்லாம் நடக்காததாகப் போய்விடும். சுமையா தலை நிமிரவில்லை. கதைக்க வேறு ஆள் இல்லை.

"நான் வெச்சிட்டன்" என்றேன். தமிழில் சொல்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. விரலைத் தூக்கிக் காட்டினேன். அதில் பழம் இன்னும் ஒட்டியிருந்தது. "ஃபர்ஸ்ட். மீ."

ஹாஜியானியின் கை பெட்டியில் அப்படியே நின்றது. அவருடைய முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல விழுந்துவிட்டது. கதிரையில் இருந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுமையாவிடம் மெல்ல ஏதோ கேட்டார்.

"என்ன துஆ கேட்டீங்க எண்டு கேக்கிறாங்க உம்மம்மா."

சொன்னேன். சுமையா என்னைப் பார்த்தாள். "அதை அப்பிடியே சொல்லவா?"

"சொல்லு."

அவள் சொன்னாள். ஹாஜியானி என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். உடம்பு முழுக்கக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதைச் சுமையா எனக்குத் தமிழில் சொன்னாள். "அவங்கட வாய் வேணும் எண்டும் யாரும் துஆ கேக்கமாட்டாங்களாம். இம்ரான்ட வாப்பா தினமும் சொல்லுவாராம்."

பெட்டியைத் திறந்து மதீனாப் பழம் ஒன்றை எடுத்தார். பிள்ளைக்கு வைக்கவில்லை. என் கையில் வைத்தார். பிறகு, நான் துஆ கேட்கிறேன், நீங்கள் ஆமீன் சொல்லுங்கள் என்று சைகை காட்டிவிட்டுக் கையை ஏந்தினார்.

நீளமான துஆ. பாதி அரபு, பாதி அவர்களுடைய மொழி. எனக்கு எங்கே ஆமீன் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் அவர் மூச்சு விட்ட இடங்களில் சொன்னேன். பிறகு குரல் இறங்கிய இடங்களிலும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு துணிவு வந்து, திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சுமையா அவர்களுடைய மொழியைக் கொஞ்சம் பழகியிருக்கிறாள். குனிந்து என் காதுக்குள் கேட்டாள். "உம்மம்மா, கடைசியா ஆமீன் சொன்னீங்களே, எதுக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

"புள்ள உங்கள மாதிரி வரணும் எண்டு கேட்டாங்க."

சொன்ன ஆமீனைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா என்று ஊரில் யாராவது மார்க்கம் படித்த ஹஸரத்திடம் விசாரித்துச் சொல்லுங்கள். இங்கே கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.